ஜூனோவும் நாணற்பெட்டியும்



சினிமாவைக் குறித்து நம் பத்திரிகையில் எழுதலாமா என்று உங்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் 2007ஆம் ஆண்டில் வெளியான 'ஜூனோ' என்னும் அமெரிக்கப் படத்தை நம் வாலிபப் பிள்ளைகள் கைப்பேசியிலேயே பார்த்துவிடுகிறார்கள். அதில் என்ன இருக்கிறதென்று அறியாமல் அவர்களைக் கடிந்துகொள்வதில் பயனில்லை.

மின்னசோட்டா மாநிலத்தில் 16 வயதுப் பள்ளி மாணவி ஜூனோ, தன் தோழன் பிளீக்கரால் கருத்தரிக்கிறாள். கருவைக் கலைக்க அவள் செல்லும் இடத்தின் வாசலில், வகுப்புத்தோழி சூ-சின் தன்னந்தனியாய் எதிர்ப்பு அட்டையோடு நிற்கிறாள். வயிற்றிலுள்ள பிள்ளைக்கு நகங்கள்கூட உண்டு என்று அவள் சொல்லும் வார்த்தை ஜூனோவோடு உள்ளே செல்கிறது. காத்திருக்கும் அறையில் யாரைப் பார்த்தாலும் நகங்களே கண்ணில் படுகின்றன. ஜூனோ எழுந்து வெளியேறிவிடுகிறாள். சூ-சினைப் படம் கேலியாகத்தான் காட்டுகிறது. ஆனாலும் 139ஆம் சங்கீதத்தை அறிந்த நமக்கு அந்தக் காட்சியில் மனம் மகிழாமல் இராது.

ஆயினும் இப்படத்தை முழுமனதோடு மெச்ச எனக்கு இயலவில்லை. பாவத்தை வேடிக்கையாக்குகிறது, மனந்திரும்புதல் என்ற பேச்சே இல்லை. அது நமக்குப் புதிதல்ல, உலகத்தார் எடுத்த படம். என்னை அதிகமாய் உறுத்தியது வேறொன்று.

அதற்கு முன் ஜூனோவின் வீட்டாரைக் குறித்துச் சொல்லவேண்டும். செய்தி கேட்ட தகப்பன் வேதனைப்படுகிறார். மகளை வீட்டைவிட்டுத் துரத்தவில்லை. கர்ப்பிணிக்குரிய வைட்டமின் மாத்திரைகளைப் பற்றி முதலில் நினைப்பவள் சிற்றன்னையாகிய பிரென். ஸ்கேன் அறையில் பணிப்பெண் ஒருத்தி ஜூனோவை இழிவாய்ப் பேசும்போது, பிரென் சீறி எழுந்து அவள் வாயை அடைக்கிறாள். ஜெபம் அறியாத அந்த வீட்டில் இதைக் கண்டபோது வெட்கமாயிருந்தது. நம் சபைகளில் இப்படியொரு செய்தி வந்தால் என்ன நடக்கும்? மறுவாரமே அந்தக் குடும்பம் வேறு சபை தேடும். அல்லது பெண்ணை ஊருக்கு ரயிலேற்றி அனுப்பிவிடுவார்கள். மரியாளை அவமானப்படுத்த மனமில்லாதிருந்த யோசேப்பை வேதம் நீதிமான் என்று அழைப்பதை நாம் ஆண்டுதோறும் டிசம்பரில் மட்டும் நினைவுகூருகிறோம்.

இனி என் உறுத்தலுக்கு வருகிறேன். பிள்ளையைத் தத்தெடுக்க விரும்பும் தம்பதியரிடம் ஜூனோ, மோசேயைப்போல் கூடையில் வைத்து அனுப்பிவிடலாமே என்று நகைச்சுவையாய்ச் சொல்கிறாள். யாத்திராகமத்தைத் திறந்து பாருங்கள். யோகெபேத் மூன்று மாதம் பிள்ளையை ஒளித்து வைத்தாள். நாணற்பெட்டிக்குப் பிசினும் கீலும் பூசினாள். தமக்கை மிரியாம் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மீண்டும் கைக்கு வந்த பிள்ளையைப் பால்கொடுத்து வளர்த்து, பின்புதான் பார்வோனின் குமாரத்தியிடம் ஒப்புவித்தாள். அதில் நகைச்சுவை எங்கே இருக்கிறது?

அமெரிக்காவிலேயே 1945க்கும் 1973க்கும் இடையில், மணமாகாத தாய்மார் ஏறக்குறைய 15 லட்சம் பேர் தங்கள் குழந்தைகளைத் தத்துக்குக் கொடுத்தார்கள். அவர்களில் பலருடைய சாட்சியங்களை ஆன் ஃபெஸ்லர் என்பவர் 2006இல் நூலாக்கினார். அநேகர் தொலைவிலுள்ள விடுதிகளில் மறைத்து வைக்கப்பட்டவர்கள். கிறிஸ்தவ ஸ்தாபனங்களும் அத்தகைய விடுதிகளை நடத்தின. பல பத்தாண்டுகள் கடந்தும் அத்தாய்மார் தங்கள் பிள்ளையை மறக்கவில்லை. நம் நாட்டில் 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், குழந்தையை ஒப்படைத்தவர்கள் மறுபடியும் யோசிக்க இரண்டு மாத அவகாசம் தருகிறது. தாயின் மனம் எளிதில் அடங்காது என்று சட்டம் இயற்றினவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

தத்துக்கொடுப்பது தவறென்று நான் சொல்லவில்லை. பிள்ளையை ஏற்றுக்கொள்ளும் வனெஸ்ஸா, கணவன் கைவிட்டபின்பும் உறுதியாய் நின்று குழந்தையைக் கையில் ஏந்தும் காட்சி கண்கலங்கச் செய்கிறது. ஆனால் பிரசவித்த ஜூனோ பிள்ளையின் முகத்தைப் பார்க்க விரும்பவில்லை. ஓட்டப்பந்தய உடையோடே ஓடிவந்த பிளீக்கர் அவள் படுக்கையில் அருகே சாய்ந்துகொள்கிறான், அவள் அழுகிறாள். சற்று நேரத்தில் கோடைகாலம் வந்துவிடுகிறது, இருவரும் கித்தார் வாசித்துப் பாடுகிறார்கள், படம் முடிகிறது.

உங்கள் மகள் இப்படத்தைப் பார்த்திருந்தால், அந்த அழுகைக்கும் அந்தப் பாட்டுக்கும் நடுவே ஜூனோ எப்படி இருந்திருப்பாள் என்று கேளுங்கள். கோபமின்றிக் கேளுங்கள். மகன் பார்த்திருந்தால் அவனிடமும் கேளுங்கள்.