ஊகிக்காத வாசகன்

இலக்கியக் கூட்டங்களில் அறிமுகமாகிறவர்கள் என் தொழிலைக் கேட்டால் 'கணினித் துறை' என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். மேற்கொண்டு கேட்பவர்கள் குறைவு. கேட்ட ஓரிருவரும் பழுதாகிப்போன மடிக்கணினியைத் திருத்தித் தர முடியுமா என்றுதான் கேட்டார்கள். பகலில் சம்பளத்துக்குச் செய்யும் அந்த வேலைக்கு அப்பால், பதினொரு வருடங்களாக இரவுகளில் நான் பார்த்துவரும் வேலை இன்னொன்று உண்டு. அதற்குச் சம்பளம் கிடையாது. அதைப் பற்றி எழுதுகிறவர்களிடம் சொல்ல எனக்கு நெடுநாள் விருப்பம். ஏனென்றால் அது வாசிப்புச் சம்பந்தப்பட்ட வேலை.

பெரும்பாலான மென்பொருட்களுக்கு அமைப்புக் கோப்பு என்று ஒன்று இருக்கும். எந்த மொழியில் திரையைக் காட்டுவது, எந்த அச்சுப்பொறிக்கு அனுப்புவது, தரவுகளை எங்கே சேமிப்பது என்பவற்றையெல்லாம் அதில் வரிவரியாக எழுதி வைப்பார்கள். 'நகரம் = கொழும்பு' என்பது போல ஒரு வரிக்கு ஒரு செய்தி. எழுதுவது மனிதர், வாசிப்பது யந்திரம். இடையில் நின்று, எது தலைப்பு, எது பெயர், எது பெறுமதி என்று பகுத்துக் கொடுக்கும் சிறு நிரலைப் 'பார்ஸர்' என்பார்கள். அதை மற்ற நிரலாளர்களும் எடுத்துப் பாவிக்கும்படி பொதுவில் வைத்துவிட்டால் அதற்கு 'நூலகம்' என்று பெயர். புத்தகமே இல்லாத நூலகம்.

என்னுடைய நூலகம் வாசிப்பது விண்டோஸின் ஆரம்ப காலத்திலிருந்து புழக்கத்தில் இருக்கும் ஒரு பழைய கோப்பு வடிவத்தை. அந்தக் கோப்புகளின் பெயர் 'இனி' என்று முடியும். தொடக்கம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லொன்றின் குறுக்கம் அது. தமிழில் எழுதும்போது நமது 'இனி'யாகவே ஆகிவிடுகிறது.

அதை ஹாஸ்கெல் என்ற மொழியில் எழுதியிருக்கிறேன். 1990இல் முதல் வரையறை வெளியான மொழி. ஹாஸ்கெல் கர்ரி என்ற தர்க்கவியல் அறிஞரின் பெயரைத் தாங்கியது. உயர்தரத்தில் கணிதம் படித்தவர்களுக்குச் 'சார்பு' என்ற சொல் நினைவிருக்கும். ஒரே எண்ணைக் கொடுத்தால் என்றைக்கும் ஒரே விடையைத் தருவது சார்பு. இந்த மொழியில் நிரல் முழுவதையும் சார்புகளாகவே கட்டுவார்கள். ஒரு எழுத்தை வாசிக்கும் சார்பு. அப்படிப் பலவற்றைக் கோத்தால் ஒரு சொல்லை வாசிக்கும் சார்பு. சொற்களைக் கோத்தால் ஒரு வரியை வாசிக்கும் சார்பு. டான் லைஜென், எரிக் மெய்யர் என்ற இருவர் 2001இல் விவரித்த 'பார்செக்' இந்த முறையைப் பரவலாக்கியது. நானும் அந்த வழியில் வந்தவன்தான்.

இந்த மொழியில் எனக்கு மிகவும் பிடித்தது 'எய்தர்' என்றொரு வகை. நாங்கள் 'ஒன்றில் இது, அல்லது அது' என்று கதைப்போமே, அதேதான். என் பார்ஸர் ஒன்றில் கோப்பைச் சரியாக வாசித்துத் தரும். அல்லது 'பதினான்காம் வரியில் ஒன்பதாம் எழுத்தில் எனக்கு விளங்கவில்லை' என்று சொல்லும். மூன்றாவது விடை கிடையாது. விளங்காததை விளங்கியது போலக் காட்டிக்கொள்ள அந்த வகை இடம் கொடுக்காது.

இதில் என்ன பெரிய விடயம் என்று கேட்கலாம். யாமல் என்று இன்னொரு கோப்பு வடிவம் இருக்கிறது. அதன் 1.1 ஆம் பதிப்பின் விதிப்படி, மேற்கோள் குறி இல்லாமல் ஆங்கிலத்தில் 'நோ' என்று எழுதினால் அது 'பொய்' என்ற தர்க்கப் பெறுமதியாக மாறிவிடும். நாடுகளின் குறியீட்டுப் பட்டியலில் நோர்வேயின் குறியீடும் அதே இரண்டு எழுத்துகள்தான். பட்டியலில் எல்லா நாடும் நாடாக இருக்க, நோர்வே மட்டும் 'பொய்' ஆகிவிடும். 2009இல் வந்த 1.2 ஆம் பதிப்பு அந்த விதியை நீக்கியது. ஆனால் பழைய விதியையே பின்பற்றும் நூலகங்கள் இன்னும் பாவனையில் இருக்கின்றன.

நோர்வே தூரத்தில் இருக்கிறது. நமது கையடக்கத் தொலைபேசி இலக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதே பழைய விதிப்படி, பூச்சியத்தில் தொடங்கி 8, 9 ஆகிய இலக்கங்கள் இல்லாத எண் எட்டின் அடிமானத்தில் எழுதப்பட்டதாகக் கொள்ளப்படும். 077இல் தொடங்கும் இலக்கமொன்றில் 8ஓ 9ஓ வராவிட்டால் அது சத்தமில்லாமல் வேறொரு எண்ணாகிவிடும். வந்துவிட்டால் எழுதியபடியே தப்பிவிடும். ஒரே பட்டியலில் வாப்பாவின் இலக்கம் சரியாக இருக்கும், உம்மாவின் இலக்கம் பிழைத்திருக்கும். புதிய விதியிலோ முன்னால் நிற்கும் பூச்சியம் உதிர்ந்துவிடும். மேற்கோள் குறிக்குள் இட்டால் இரண்டிலிருந்தும் தப்பலாம். அதை நினைவில் வைத்திருக்க வேண்டியவர் மனிதர்.

உதவி செய்யும் எண்ணத்தில் வந்த விதிகள்தான் இவை. 'இவர் எண்ணைத்தான் எழுதியிருப்பார்' என்று யந்திரம் ஊகிக்கிறது. ஊகம் நூறில் தொண்ணூற்றொன்பது தடவை சரிவரும்; மிஞ்சும் ஒரு தடவையில் யாருக்கும் தெரியாமல் பிழைக்கும். என் நூலகம் எழுதியதை எழுதியபடியே வைத்துக்கொள்ளும். எண்ணாக வேண்டும் என்று மென்பொருள் வாய்விட்டுக் கேட்டால்தான் எண்ணாக மாற்றும். முடியாவிட்டால் முடியாது என்று சொல்லும். என் வாப்பா ஒரு புடைவைக் கடையில் கணக்கெழுதியவர். பற்றுச்சீட்டில் ஓர் இலக்கம் தெளிவில்லாவிட்டால் பென்சிலால் வட்டமிட்டு வைத்துவிட்டு, எழுதியவரிடம் கேட்கும் வரை கூட்டமாட்டார். பார்ஸர் எழுதுகிறவர்களுக்கு அதைவிட நல்ல பாடம் தேவையில்லை.

ஆனால் ஊகிக்காமல் இருப்பது மட்டும் போதாது என்பதை எனக்குக் காட்டியது தமிழ். ஒருவர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அவருடைய கோப்பில் 'கொழும்பு' என்று தலைப்பு இருக்கிறது. மென்பொருளும் 'கொழும்பு' என்றுதான் தேடுகிறது. நூலகமோ அப்படியொரு தலைப்பு இல்லை என்கிறது. திரையில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை.

உள்ளே இருந்தது வேறு. யுனிகோட்டில் 'கொ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம். அல்லது ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டு குறிகளாகச் சேர்க்கலாம். கண்ணுக்கு ஒன்றே. கணினிக்கு ஒன்று இரண்டு குறி நீளம், மற்றது மூன்று குறி நீளம். அவர் ஒரு விசைப்பலகையில் கோப்பை எழுதியிருக்கிறார். வேறொருவர் இன்னொன்றில் மென்பொருளை எழுதியிருக்கிறார்.

இரண்டும் சமம் என்பது என் ஊகமல்ல. யுனிகோட் தரத்திலேயே எழுதப்பட்ட விதி. எனவே தலைப்புகளை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரச் செய்தேன். பழைய நடத்தை மாறுவதால் பதிப்பு எண்ணையும் அதற்கேற்ப உயர்த்தினேன். ஒரே கோப்பில் இரண்டு விதமான 'கொழும்பு'வும் இருந்தால் ஒன்றை விழுங்கிவிடாமல், இரண்டு வரிகளின் எண்ணையும் சொல்லிப் பிழை காட்டும்படி வைத்தேன். தமிழைக் கண்ணாலும் காணாத ஒருவர், எவருக்கும் தேவையில்லாத மாற்றத்துக்காகத் தன்னை அலைக்கழிப்பதாகக் கடுமையாக எழுதினார். யாருக்குத் தேவைப்பட்டது என்று பொறுமையாகப் பதில் போட்டேன்.

இன்னொரு தீர்மானமும் உண்டு. அமைப்புக் கோப்புகளில் குறிப்பு வரிகள் இருக்கும். அரைப்புள்ளியில் தொடங்கும் அந்த வரிகளை யந்திரம் பொருட்படுத்தாது. ஆகவே பல பார்ஸர்கள் அவற்றை வாசிக்கும்போதே எறிந்துவிடும். மென்பொருள் கோப்பைத் திரும்ப எழுதும்போது அவை காணாமல் போயிருக்கும். 'இதை மாற்றாதே, போன தடவை மாற்றி இரண்டு நாள் கந்தோர் வேலை நின்றது' என்று யாரோ ஒருவர் தனக்குப் பின்னால் வருபவருக்கு எழுதியிருப்பார். கோப்பிலேயே மனிதர் மனிதருக்கு எழுதிய வரி அது ஒன்றுதான். என் நூலகம் குறிப்புகளையும் வெற்று வரிகளையும் இருந்த இடத்திலேயே வைத்துத் திருப்பித் தரும். அதனால் நிரல் நீண்டது. வேகமும் சற்றுக் குறைந்தது. கோன் கிளாசென், ஜோன் ஹியூஸ் இருவரும் 2000இல் வெளியிட்ட 'குவிக்செக்' என்ற கருவி, நான் கேட்கும் ஒவ்வொரு தடவையும் தற்போக்கான நூறு கோப்புகளை உருவாக்கி, வாசித்துத் திரும்ப எழுதியது மாறாமல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறது.

நூலகத்தோடு ஓர் அனுமதிப் பத்திரம் இருக்கிறது. எந்த உத்தரவாதமும் இன்றித் தரப்படுகிறது என்பது அதில் ஒரு வரி. சட்டப்படி எனக்கு எந்தக் கடமையும் இல்லை. ஆயினும் முன்பின் தெரியாதவர்கள் நம்பித் தங்கள் மென்பொருளுக்குள் வைத்திருக்கும் ஒன்றை அமானிதம் என்றல்லாமல் வேறெப்படிச் சொல்வது? 2016 மார்ச்சில் ஒருவர் தனது பதினொரு வரி நிரலைப் பொதுக் களஞ்சியத்திலிருந்து விலக்கிக்கொண்டபோது, உலகெங்கும் அதில் தங்கியிருந்த மென்பொருட்களைக் கட்ட முடியாமல் போனது. சிறியது என்பதால் பாரம் குறைவதில்லை.

இரண்டு வருடங்கள் எனக்கு உடல்நிலை சரியில்லாமல் இருந்தது. மின்னஞ்சல்கள் குவிந்தன. அந்த நாட்களில் முகமறியாத ஒருவர் திருத்தங்கள் அனுப்பத் தொடங்கினார். சுத்தமான வேலை. மரியாதையான எழுத்து. ஏழாவது திருத்தத்தோடு, பொறுப்பைத் தன்னிடம் தந்துவிட்டு ஓய்வெடுக்கும்படி எழுதினார். அதை வாசித்தபோது எனக்கு அழுகை வந்தது. பதினொரு வருடத்தில் ஓய்வெடுக்கச் சொன்ன முதல் மனிதர் அவர்தான்.

அது 2024 மார்ச் முடிந்து சில வாரங்களில். எக்ஸ்.இஸட் என்ற கோப்புச் சுருக்கும் கருவிக்குள் இரகசியக் கதவொன்று புதைக்கப்பட்டிருந்தது அந்த மாதம் 29ஆம் திகதிதான் அம்பலமானது. தன் கணினியில் நுழைவதற்கு அரை வினாடி கூடுதலாக எடுக்கிறதே என்று ஆண்ட்ரெஸ் பிரொய்ண்ட் என்ற பொறியியலாளர் தோண்டிப் பார்த்ததால் வெளிவந்தது. புதைத்தவர் இரண்டு வருடங்களுக்கு மேலாக நல்ல திருத்தங்களை அனுப்பி, களைத்திருந்த பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்று, பொறுப்புக்கு வந்தவர்.

இந்த மனிதரும் அப்படித்தான் என்று நினைக்க எனக்கு ஆதாரம் இல்லை. அப்படியில்லை என்று நினைக்கவும் இல்லை. இரண்டும் ஊகம். பல நாட்கள் யோசித்து எழுதினேன்: 'உங்கள் ஒவ்வொரு திருத்தத்தையும் நன்றியோடு பார்ப்பேன். வெளியிடும் அதிகாரத்தை இப்போது தர முடியாது. நேரில் அறிந்த இருவரோடு அதைப் பகிர்ந்துகொள்ளப் போகிறேன். இது உங்களைப் பற்றிய தீர்ப்பு அல்ல.'

பதில் வரவில்லை. திருத்தங்களும் நின்றுவிட்டன. கெட்டவர் விலகிப் போனாரா, நல்லவர் மனம் நொந்து போனாரா என்பது எனக்குத் தெரியாது. நான் முன்பு கூடவே வேலை செய்த இருவர் இப்போது என்னோடு பொறுப்பில் இருக்கிறார்கள். எவரும் தனியாக எதையும் வெளியிட முடியாதபடி வைத்திருக்கிறோம். அந்த ஏழு திருத்தங்களையும் மூவரும் தனித்தனியே மறுபடி வாசித்தோம். எல்லாம் சரியாகவே இருந்தன. அவை நூலகத்தில் அப்படியே இருக்கின்றன, அவர் தந்த பெயரோடு.