ஒரு பழைய ஏசியும் இடவப்பாதியும்

ஏப்ரல் 3, 2024

அம்மையின் அறையிலுள்ள ஏசி நேற்றிரவு முதல் காற்றை வீசுகிறதேயன்றிக் குளிர்ச்சியைத் தரவில்லை. 2009-ஆம் ஆண்டில் வாங்கிய ஒன்றரை டன் யந்திரம் அது. பதினைந்து வருஷம் உழைத்துவிட்ட யந்திரத்தை இன்னும் செப்பனிட்டு வைத்துக்கொள்வதா, அல்லது கழற்றிவிட்டுப் புதிதொன்றை மாட்டுவதா என்ற கேள்வி இன்று காலை முதல் வீட்டில் நடமாடிக்கொண்டிருக்கிறது. ஷார்ஜாவிலிருந்து பேசிய மகன், இன்றைக்கே மார்த்தாண்டத்துக்குப் போய்ப் புதியது வாங்கிவிட வேண்டும் என்கிறான். பாறசாலைக்குப் போனாலும் சரிதான் என்கிறான். மனைவியோ, மேட மாதம் கழிந்தால் மழை வந்துவிடும், அதுவரை எப்படியாவது ஓட்டிவிடலாம் என்கிறாள். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மீன மாதத்து வெயிலில் வியர்வை வழிய நின்றுகொண்டு, கடைக்காரர் சொல்லும் விலையையும் அவரிடம் அன்றைக்கு இருக்கும் சரக்கையும் அப்படியே ஏற்றுக்கொள்ளும் நிலையில் செய்யப்படும் தீர்மானம் அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்கு வீட்டைக் கட்டுப்படுத்தும் என்பதை நினைக்கும்போது, சற்றே நிதானிக்கத் தோன்றுகிறது.

அம்மை மட்டும், "மக்களே, எனக்கு மெஷின் ஒண்ணும் வேண்டாம், சன்னலைத் திறந்து விட்டா மதி" என்று சொல்லிவிட்டார்கள். எண்பது கடந்த உடம்பு. நெஞ்சில் சளியும் இழுப்பும் உள்ள உடம்பு. வயோதிகத்தில் தோலுக்குச் செல்லும் இரத்த ஓட்டமும் வியர்வையும் குறைந்துவிடுவதால் உடம்பு தன் உஷ்ணத்தைத் தானே வெளியேற்றிக்கொள்ளும் சக்தியை இழக்கிறது. தாகமும் காலத்தில் எடுப்பதில்லை. ஆகையால் அவர்கள் வேண்டாமென்று சொல்வதைக் கேட்டு நான் சும்மா இருப்பதற்கில்லை.

அருமனையிலிருந்து வரும் மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். "சாரே, நாளைக்கு உச்சைக்கு மேலதான் வர முடியும். கறண்டு வோல்டேஜ் கொறஞ்சு எல்லா வீட்டிலயும் கம்ப்ளெய்ண்டு" என்றார்.

ஏப்ரல் 4

மெக்கானிக் வந்தார். இளைஞர், ஆனால் அவசரப்படாதவர். முதலில் வெளியே உள்ள பெட்டியைத் திறந்து, கம்ப்ரஸரை எழுப்பிவிடும் கபாசிட்டரைச் சோதித்தார். குளிர்ச்சி நின்றுபோகும் யந்திரங்களில் பல, சில நூறு ரூபாய் விலையுள்ள இந்தச் சிறு உறுப்பு கெட்டதனால்தான் நிற்கின்றன என்றும், அது தெரியாமல் யந்திரத்தையே தூக்கி எறிந்தவர்களைத் தாம் பார்த்திருப்பதாகவும் சொன்னார். எங்கள் யந்திரத்தில் அது நன்றாகவே இருந்தது. விசிறி மோட்டாரிலும் குற்றமில்லை. பிறகு அழுத்தமானியை மாட்டிப் பார்த்து, கேஸ் பாதிக்குமேல் போய்விட்டது என்றார். சென்ற வருஷமும் இதே காலத்தில்தான் கேஸ் நிரப்பினோம்.

இங்கேதான் விஷயத்தின் மர்மம் இருக்கிறது. ஏசி குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை; அறைக்குள்ளிருக்கும் உஷ்ணத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. உள்ளே உள்ள சுருள்குழாயில் திரவம் ஆவியாகும்போது அறையின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை நெருக்கி வெளியே உள்ள சுருளுக்குத் தள்ளுகிறது. அங்கே அது வெப்பத்தை விட்டுவிட்டு மறுபடியும் திரவமாகிறது. இந்தச் சுற்று முழுதும் அடைக்கப்பட்ட ஒன்று. ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போல ஏசிக்குக் கேஸ் தீர்ந்துபோவதில்லை. குறைந்தால் எங்கோ துவாரம் உண்டென்றே பொருள். ஆகவே வருஷந்தோறும் கேஸ் நிரப்புவது பராமரிப்பு என்று பலர் நம்பியிருப்பது சரியல்ல. அது நோயைத் தொடாமல் ஜுரத்தை மட்டும் தணிப்பது.

மெக்கானிக் நைட்ரஜனை ஏற்றிச் சோப்பு நுரை பூசிப் பார்த்ததில், உள்பெட்டியின் சுருளிலேயே ஊசிமுனையளவு கசிவு தெரிந்தது. இணைப்பு நட்டில் கசிந்தால் முறுக்கிவிடலாம்; வெளியில் தெரியும் குழாயில் கசிந்தால் பற்றவைக்கலாம். மெல்லிய செம்புச் சுருளில் ஈரமும் காற்றிலுள்ள அமிலப்பொருள்களும் சேர்ந்து அரித்த துவாரம் ஒன்று தெரிந்தால், தெரியாதவை இன்னும் சில இருக்கக்கூடும். அந்தச் சுருளை மாற்றலாம் என்றால், இவ்வளவு பழைய மாதிரிக்குச் சுருள் கிடைப்பது அரிது. அம்மையின் ஸ்திதியை உத்தேசித்து, இந்தக் கோடைக்கு மட்டும் ஒருமுறை நிரப்பச் சொன்னேன். சென்ற முறை நிரப்பியது ஒரு வருஷம் தாங்கியது. இதுவும் மழை வரும் வரை தாங்கும்.

மனசுக்குச் சம்மதமாகச் செய்ததல்ல அது. இந்த யந்திரத்தில் ஓடுவது ஆர்-22 என்னும் வாயு. வானத்தின் ஓஸோன் படலத்தைச் சிதைக்கும் வகையைச் சேர்ந்தது. 1987-இல் மான்ட்ரியால் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையும் அதன் பின்வந்த திருத்தங்களும் இந்த வகை வாயுக்களைப் படிப்படியாக ஒழிக்கின்றன. இந்தியா போன்ற நாடுகளில் 2030-க்குப் பிறகு பழைய யந்திரங்களின் பராமரிப்புக்கான சொற்ப அளவு தவிர மற்றதெல்லாம் நின்றுவிடும். பூமியைச் சூடாக்குவதிலும் அது கரியமில வாயுவைப்போல் ஏறக்குறைய 1,800 மடங்கு வல்லது. அம்மையின் அறைக்குள் மௌனமாகக் கசிந்துபோன ஒவ்வொரு கிலோவும் அப்படிப்பட்டது என்பதை அறிந்த பின், அடுத்த வருஷமும் நிரப்பிக்கொள்ளலாம் என்று என்னால் சொல்ல முடியாது.

ஏப்ரல் 10

ஆனால் யந்திரத்தை மாற்றுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. இந்த அறைக்கு ஒன்றரை டன் ஏன் வேண்டியிருக்கிறது?

எங்கள் பழைய தரவாடு ஓட்டு வீடு. வெட்டுகல் சுவர், தலைக்கு மேலே அயினிப் பலகைத் தட்டு, அதற்கு மேலே மச்சு, அதற்கும் மேலே மங்களூர் ஓடு. பாசல் மிஷன்காரர்கள் 1865-இல் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையின் சந்ததிதான் இந்தக் கரை முழுதும் கூரைகளை மூடியிருக்கிறது. ஓட்டில் ஏறிய வெயில் மச்சுக்குள் நின்று, ஓட்டின் இடுக்குகள் வழியே வெளியேறிவிடும், அறைக்குள் இறங்காது. சூரியன் சாய்ந்த சற்று நேரத்தில் ஓடு குளிர்ந்துவிடும். தக்கலைக்கு அருகே பத்மநாபபுரம் அரண்மனையில், கடும் வெயில் நேரத்திலும் சாய்ந்த மரச்சட்டங்கள் வழியே காற்று நடமாடுவதை அனுபவித்தவர்களுக்கு இதை விஸ்தரிக்க வேண்டியதில்லை. 1956-இல் மாநில எல்லை பிரிந்தபோது அரண்மனை நின்ற மண் தமிழ்நாட்டுக்கும் அரண்மனையின் நிர்வாகம் கேரளத்துக்கும் ஆயிற்று. காற்றுக்கு அந்தப் பாகுபாடு இல்லை.

பிறகு வளைகுடாப் பணம் வந்தது. வார்ப்பு வீடு வந்தது. நான் அந்த வீட்டைப் பழிக்கவில்லை: கறையான் இல்லை, ஒழுக்கு இல்லை, ஓடு மாற்றக் கூலி ஆள் தேட வேண்டியதில்லை. ஆயினும் காங்கிரீட்டுத் தளம் பகல் முழுதும் குடித்த வெயிலை உடனே கொடுப்பதில்லை. சேமித்து வைத்துக்கொண்டு, மனிதர்கள் படுக்கப்போகும் வேளையில் கீழ்நோக்கிக் கக்குகிறது. அம்மையின் அறையில் இரவு ஒன்பது மணிக்குத்தான் உஷ்ணம் உச்சத்தில் நிற்கிறது. அந்நேரம் முற்றத்தில் நின்றால் இதமாக இருக்கிறது. ஆக, எங்கள் ஏசி இத்தனை வருஷமும் குளிரவைத்தது அம்மையை மட்டுமல்ல, தலைக்கு மேலிருந்த அந்தக் காங்கிரீட்டையும்தான்.

கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் வாழ்ந்த காலமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். கீழ்ப்பகுதியில் வேலை செய்யாத காங்கிரீட்டுக்குப் பதிலாக ஓடுகளைப் பதித்து வார்க்கும் தளம், உள்ளே காற்றிடம் விட்டுக் கட்டும் செங்கற்சுவர், சன்னலுக்குப் பதில் துளைச்சுவர் என்று அவர் காட்டிய வழிகளை அந்நகரத்தில் உள்ளூர் என்னும் பகுதியிலுள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்களில் இன்றும் பிரத்தியட்சமாகக் காணலாம். அவர் 2007-இல் காலமானார். இங்கிருந்து ஒரு பஸ் பிரயாண தூரத்தில் இத்தகைய பாடம் நிற்க, நாம் வார்த்து, பூசி, பிறகு யந்திரம் மாட்டிக்கொண்டே இருந்துவிட்டோமே என்று எனக்கு மெய்யாகவே வருத்தமாக இருக்கிறது.

கட்டிய வீட்டை இடித்துக் கட்ட முடியாது. மொட்டைமாடிக்கு மேலே இரும்புச் சட்டம் நிறுத்தி, நடுவில் காற்றோட்டம் விட்டு, ஷீட்டுப் போட முடியும். ஆசாரியிடம் பேசியாயிற்று.

ஏப்ரல் 21

இன்று ஞாயிறு. மின்கட்டண ரசீதுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பழைய யந்திரம் ஓர் இரவுக்குச் சுமார் ஒன்பது யூனிட் தின்கிறது; மாதத்துக்கு 270. வீட்டின் மற்றச் செலவு 110. எங்கள் வீடு இருக்கும் கேரளத்தில் மாத உபயோகம் 250 யூனிட் வரையில்தான் படிப்படியான விகிதம். அதைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டுமன்றி முதல் யூனிட்டிலிருந்தே உயர்ந்த விகிதம் விழுகிறது. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் வசிக்கும் என் சகோதரிக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அவளுடைய கணக்கு வேறு. எனவே இங்கே 250 என்பது ஒரு வரம்பு. பழைய ஏசி தனியாகவே அதைத் தாண்டச்செய்துவிடுகிறது.

புதியவற்றின் நிலை என்ன? மத்திய அரசின் எரிசக்திச் சிக்கனத் துறை ஒட்டும் நட்சத்திரச் சீட்டு அறை ஏசிகளுக்குக் கட்டாயமாக்கப்பட்டது 2010-இல். அப்போது 3.1 என்ற திறன் அளவுக்கே ஐந்து நட்சத்திரம் கிடைத்தது. அளக்கும் முறை பின்னர் மாறியது என்றாலும், 2022-இல் ஐந்து நட்சத்திரம் பெற 5 வேண்டியதாயிற்று. ஆகவே ஒருவர் வீட்டிலுள்ள பழைய ஐந்து நட்சத்திர யந்திரம் இன்று கடைசி நட்சத்திரத்துக்கே போட்டியிடும் நிலையில் இருக்கலாம். எங்களுடையது சீட்டே இல்லாதது. புதிய இன்வெர்ட்டர் யந்திரத்தில் செலவு பாதியாகக் குறைந்தால், ஏசிக்கு 135, மற்றவற்றுக்கு 110, ஆக 245. வரம்புக்குள் மயிரிழையில் நிற்கும்.

இந்தக் கணக்கை இவ்வளவில் நிறுத்தினால் அது விற்பனைக்காரரின் கணக்காகிவிடும். சீட்டிலுள்ள வருஷச் செலவு 1,600 மணி நேர ஓட்டத்துக்குக் கணக்கிட்டது. அதாவது இரவுக்கு எட்டு மணி வீதம் 200 இரவுகள். டில்லியிலோ சென்னையிலோ அது பொருந்தலாம். இரண்டு மழைக்காலங்கள் வந்துபோகும் இந்த மலையோரத்தில், கும்பம் பிற்பகுதி முதல் இடவம் வரையில்தான் ஏசிக்கு வேலை. அந்த 200 இரவுகளில் பாதிக்குச் சற்று மேல் என்று சொல்லலாம். ஆகையால் மின்சார மிச்சத்தால் மட்டும் புதிய யந்திரத்தின் விலை சீக்கிரம் திரும்பாது. கசிவில்லாத ஒரு பழைய யந்திரம் வைத்திருக்கும் அயல்வீட்டுக்காரர் வந்து கேட்டால், வயது பதினைந்து என்பதற்காக மட்டும் மாற்ற வேண்டாம் என்றே சொல்வேன். எங்கள் விஷயத்தில் தீர்ப்புச் சொல்வது வயதும் அல்ல, ரசீதும் அல்ல. அந்த ஊசிமுனைத் துவாரம்தான்.

மே 3

நேற்று மாநிலத்தின் மின்தேவை இதுவரை காணாத அளவில் 5,700 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. முன்பெல்லாம் விளக்கேற்றும் நேரமே உச்சநேரம். இப்போது அது இரவு பத்து மணிக்குப் பிறகு என்று நகர்ந்துவிட்டது. காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம்: கேரளம் முழுதும் காங்கிரீட்டுத் தளங்கள் உஷ்ணத்தைக் கக்கும் அதே நேரத்தில், அவற்றுக்குக் கீழே ஏசிகள் ஒன்றாக விழிக்கின்றன. எங்கள் வரிசையில் வோல்டேஜ் அவ்வப்போது மெழுகுவர்த்திபோல் தாழ்கிறது. அப்படித் தாழும்போது கம்ப்ரஸர் கிளம்ப முடியாமல் முனகும்; கிளம்பாத கம்ப்ரஸர் அதிக மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறிக் கருகும். ஸ்டெபிலைசர் இருந்ததால் எங்களுடையது தப்பியது.

ஆசாரி ஷீட்டு வேலையை முடித்துவிட்டார். அம்மையின் அறையில் இரவு ஒன்பது மணி உஷ்ணம் மூன்று பாகை இறங்கியிருக்கிறது. "இப்போ மேல இருந்து தீ இறங்கல்ல மக்களே" என்றார்கள். யந்திரத்தை 26-இல் வைத்து, விசிறியை மெல்ல ஓடவிட்டால் போதுமாயிருக்கிறது.

மே 31

இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை நேற்றுக் கேரளக் கரையில் தொடங்கிவிட்டதாக வானிலைத் துறை அறிவித்தது. கடையில் கூட்டமில்லை. விலை பேச இடமிருக்கிறது, பொருத்தும் ஆளுக்கும் நேரமிருக்கிறது. இந்தத் தீர்மானத்துக்குரிய காலம் இதுதான்.

ஒன்றரை டன்னுக்குப் பதிலாக ஒரு டன் என்று முடிவு செய்தேன். டன் என்பது ஐஸ்கட்டியின் காலத்து அளவு: 2,000 பவுண்டு ஐஸை ஒரு நாளில் உருக்கும் உஷ்ணம், இன்றைய கணக்கில் மூன்றரைக் கிலோவாட். பெரிய யந்திரம் நல்லது என்ற அபிப்பிராயம் எங்கும் பரவியிருக்கிறது. எங்கள் சீதோஷ்ணத்துக்கு அது பொருந்தாது. இங்கே உபத்திரவம் செய்வதில் பாதி சூடு, பாதி ஈரம். அளவுக்கு மிஞ்சிய யந்திரம் காற்றைச் சட்டென்று குளிரவைத்துவிட்டு ஓய்ந்துவிடுகிறது. சுருளில் ஈரம் படிந்து வடிவதற்கு அவகாசம் கொடுப்பதில்லை. குளிர்ந்தும் பிசுபிசுக்கும் அந்தக் காற்று இழுப்புள்ள நெஞ்சுக்கு ஆகாது. சிறியது மெதுவாக நெடுநேரம் ஓடினால் ஈரம் வடியும்.

புதியதில் ஆர்-32 வாயு. அது ஓஸோனைத் தொடாது. பூமியைச் சூடாக்கும் வலிமையிலும் ஆர்-22-இல் பாதிக்கும் குறைவு. சிறிதளவு தீப்பற்றக்கூடியது ஆதலால், பொருத்துகிறவர் பயிற்சி உள்ளவராக இருக்க வேண்டும் என்று கடைக்காரரிடம் கண்டிப்பாகச் சொன்னேன். வெளிப்பெட்டியை மேற்குச் சுவரிலிருந்து வடக்குச் சுவருக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். வெயிலில் நிற்கும் பெட்டி உஷ்ணத்தை எளிதில் கொட்ட முடியாது.

பழையதைப் பற்றி மெக்கானிக்கிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். பழைய சாமான் வாங்கும் ஆக்ரிக்காரர் வந்தால் முதல் வேலையாகச் செம்புக் குழாயை வெட்டுவார். மிச்சமுள்ள வாயு முழுதும் ஒரு சீறலோடு வானத்துக்குப் போய்விடும். அதற்கு இடம் கொடுக்காமல், வால்வை மூடிக் கம்ப்ரஸரை ஓட்டி வாயுவை வெளிப்பெட்டியில் சேர்த்து, அங்கிருந்து சிலிண்டருக்கு மாற்றிய பிறகே கழற்ற வேண்டும். அதற்குத் தனியாகக் கூலி தருவதாகச் சொன்னேன். "அதுக்கு மெஷின் ஒருத்தர்கிட்ட இருக்கு சாரே, வாடகைக்கு எடுத்துட்டு வாறேன்" என்றார். திங்கட்கிழமை காலை வருகிறார்.