இருவகை இரும்பும் ஓர் அலகும்

கடல் கடந்து சென்ற நம் முன்னோர் பொருளை மட்டும் ஈட்டி வரவில்லை. அவ்வந்நாட்டு வழக்கங்களையும் உடன் கொணர்ந்தனர். துறைமுகத்தை அடுத்த இராயபுரத்தில் பினாங்கு, இரங்கூன் முதலிய ஊர்ப்பெயர்கள் உறவுப்பெயர்கள் போலவே வழங்கி வந்தன.

அத்தகைய இல்லமொன்றில், கப்பலில் பணியாற்றிய பாட்டனார் ஜாவாவிலிருந்து கொணர்ந்த வளைந்த அலகுடைய குத்துவாள் ஒன்றை நாம் கண்டோம். அதனைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட வேண்டும் என்றார் அவ்வீட்டு இளைஞர். "தாயத்துப்போல் இதை நம்புவது மார்க்கத்துக்கு ஒவ்வாது" என்பது அவர் வாதம். "என் வாப்பா எண்ணெய் பூசிக் காத்த பொருள்" என்றார் அவர்தம் தாயார். இருவர் கூற்றிலும் உண்மை இருந்தது.

கிரிஸ் எனப்படும் அவ்வாளின் வரலாறு அறியத்தக்கது. ஜாவாவின் லாவு மலைச் சரிவில், 15ஆம் நூற்றாண்டைச் சார்ந்த சுகூ என்னும் கோயிலில் ஒரு புடைப்புச் சிற்பம் உண்டு. அதில் வீமன் வாள் வடிக்கின்றான். அருச்சுனன் துருத்தி ஊதுகின்றான். இடையே யானைமுகக் கடவுள் ஆடுகின்றார். பின்னர் ஜாவா மக்கள் இசுலாத்தைத் தழுவினர். ஆயினும் வாளை எறிந்திலர். பிடியிலிருந்த உருவங்கள் பல கொடியும் மலருமாய் மாறின. சில அலகுகளில் அரபு எழுத்துகள் பொறிக்கப்பட்டன. நாக வடிவமும், வளைவுகள் ஒற்றைப்படையாக அமையும் மரபும் நிலைத்தன. மாத்தராம் வேந்தர் சுல்தான் அகுங் 1633இல் சக ஆண்டுக் கணக்கை விடாமலே ஹிஜ்ரி மாதங்களை ஏற்றார். அந்நாட்காட்டியின் முதல் மாதமாகிய 'சூரோ' நம் முஹர்ரமே. அம்மாதத்தில்தான் கிரிஸ்களைக் கழுவித் தூய்மை செய்வது இன்றும் வழக்கம்.

வாள் செய்யும் முறையும் இதனையே உணர்த்தும். கொல்லர் இரும்பையும் நிக்கல் கலந்த இரும்பையும் அடுக்கி, மடித்து, அடித்து ஒன்றாக்குவர். எலுமிச்சைச் சாறும் பாடாணமும் பூசியவுடன் ஒன்று கறுக்கும்; மற்றொன்று வெள்ளிபோல் ஒளிரும். இரண்டும் தத்தம் நிறம் இழப்பதில்லை, அலகோ ஒன்றே. 2005இல் யுனெஸ்கோ இக்கலையை மாந்தகுலத்தின் அரிய மரபுச் செல்வங்களுள் ஒன்றென அறிவித்தது.

இது நமக்கு முற்றிலும் அயலானதன்று. எண்ணூருக்கு வடக்கேயுள்ள பழவேற்காட்டுத் துணியின் பெயராலேயே மலாய் மக்கள் கட்டமிட்ட கைலியைப் 'பெலேக்காட்' என்கின்றனர். நம் துணி அங்குச் சென்றது. அவர்தம் வாள் இங்கு வந்தது.

அவ்விளைஞரிடம் நாம் கூறியது இதுவே: "தம்பி, காக்கும் ஆற்றல் இறைவன் ஒருவனுக்கே உரியது, இரும்புக்கு இல்லை. அந்த நம்பிக்கையை விடுக. ஆனால் வாளை விற்காதீர். அஃது உம் குடும்பத்தின் ஏடு."

இவ்வாறு கூற நமக்குத் துணை நின்றவர் இராயபுரத்திலேயே அடங்கியிருக்கும் குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்கள். தொண்டியிலிருந்து வந்த அவரால்தான் தண்டையார்பேட்டை அப்பெயர் பெற்றது என்பர். முகியித்தீன் சதகம் பாடிய அதே நாவால் அவர் அகத்தீசன் சதகமும் பாடினார். இறைக்காதலை மனோன்மணி என்னும் சித்தர் சொல்லால் உரைத்தார். அவர்தம் ஏகத்துவம் அதனால் குறைந்திலது. சரவணப்பெருமாளையர் அவர்மீது நான்மணிமாலை பாடினார். அவருடைய சமயமும் அதனால் குறைந்திலது.

மாணவச் செல்வங்களே, நம் வீட்டுப் பழம்பொருள்களைக் களையுமுன் அவை எங்கிருந்து வந்தன என்று பெரியோரிடம் கேளுங்கள். நம்பிக்கையைத் தெளிவு செய்வது கடமை. நினைவை அழிப்பது கடமையன்று.