இரண்டு நிமிடத் தொலைவு

தூரத்தைக் கல் கணக்கிலும் மணிக் கணக்கிலும் அளந்து பழகியவர்கள் நாம். ஆயினும் அண்மை எது, சேய்மை எது என்பதை இவ்வளவைகள் மட்டும் முடிவு செய்துவிடுவதில்லை.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுக்கூட்டத்தில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என அடுத்தடுத்து இரு தீவுகள் உள்ளன. இவற்றின் விமானத் திடல்களுக்கு இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 2.7 கிலோமீட்டர், எடின்பரோ விமான நிலையத்தின் ஓடுபாதை நீளத்தைவிடச் சற்றே அதிகம். அட்டவணைப்படி இயங்கும் விமானப் பயணங்களுள் உலகிலேயே மிகக் குறுகியது இதுதான். 1967ஆம் ஆண்டில் இச்சேவை தொடங்கியது. பறப்பது ஒரு சிறு விமானம். குறித்த நேரம் இரண்டு நிமிடம். காற்று துணைநின்ற ஒருநாளில் 53 வினாடிகளில் கடந்ததும் உண்டு.

நடந்து போகும் தூரத்திற்கு விமானமா என்று கேட்போர் நகைக்கக்கூடும். ஆனால் அங்கே நடப்பதற்கு நிலமில்லை. காற்று ஓயாத வடகடலே குறுக்கே கிடக்கிறது. பாப்பா வெஸ்ட்ரேயில் வாழ்வோர் நூறு பேருக்கும் குறைவு. அச்சிறு குடிக்காகவே ஆசிரியரும் மருத்துவரும் விமானமேறி வருகின்றனர். மாணவரும் நோயாளரும் ஏறிச் செல்கின்றனர். அவர்களுக்கு இது வேடிக்கைப் பயணம் அன்று. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் செல்லும் வழி.

பாப்பா என்னும் சொல் இங்கே குழந்தையைக் குறிப்பதன்று. அக்காலத்தில் கடல் கடந்து வந்த நோர்ஸ் மக்கள், கிறிஸ்தவத் துறவியரை அவ்வாறு அழைத்தனர். எனவே இது துறவியர் தீவு. அங்குள்ள ஏரியொன்றின் கரையில் புனித திரிதுவானாவின் சிற்றாலயம் சிதைந்து நிற்கிறது. கண்நோயுற்றோர் நலம் வேண்டி அங்கே திருப்பயணம் வந்தனர். துறவியரும் நோயுற்றோரும் படகேறியே இக்கடலைக் கடந்தனர். நம்பிக்கை அவர்களைப் புறப்படச் செய்தது.

லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் ஆண்டவர் கூறிய உவமையை நாம் அறிவோம். குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்ட குருவும் லேவியரும் அதே சாலையில்தான் சென்றனர். எனினும் விலகிப் போயினர். வேற்றினத்தவரான சமாரியரோ அணுகி வந்தார். அடுத்திருப்பவர் யாரென்ற வினாவுக்கு ஆண்டவர் தூரக்கணக்கு எதையும் விடையாகத் தரவில்லை; நெருங்கிச் சென்று இரக்கம் காட்டியவரைச் சுட்டினார். அண்மை என்பது தானே அமைந்துவிடும் நிலையன்று; ஒருவர் புறப்பட்டு வருவதால் உண்டாவது.

நம் பங்குகளிலும் ஒரே பீடத்தில் நற்கருணை உண்டும், வரப்புத் தகராற்றினாலோ சொத்துப் பிரிவினையாலோ ஆண்டுக்கணக்கில் முகம் பாராதிருக்கும் குடும்பங்கள் உண்டு. இடையே இருப்பது ஒரு சுவர் மட்டுமே. அதைக் கடக்க இரண்டு நிமிடம்கூட வேண்டாம். நூறு பேருக்கும் குறைந்த ஒரு தீவுக்காக விமானம் புறப்படுகிறது. ஒரே ஒரு சகோதரருக்காக நாம் நம் வாயிற்படியைத் தாண்டலாகாதா?