ஊழியத்துக்குப் போகும் பிள்ளைகளுக்கு

ஞாயிறு மாலைகளில் எங்கள் சபையிலிருந்து சிலர் பிள்ளைப்பாக்கம் போகிறோம். சிப்காட் கம்பெனிகளில் வேலை பார்க்கும் ஒடிசா, ஜார்கண்ட் தம்பிகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறோம். விரும்பினால் சேர்ந்து ஜெபிக்கிறோம்.

அன்றிரவே நன்றிக்குரிய காரியங்களை நோட்டில் எழுதிவிடுவேன். நேற்று எழுதியவை: நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்த தம்பி, “அண்ணா, சாப்டீங்களா?” என்று தமிழில் கேட்டது. பத்துப் பேர் தங்கும் அறையில் எங்களுக்கென்று எடுத்து வைத்திருந்த சூடான ரொட்டி.

நன்றி என்றதும் எனக்கு நினைவுக்கு வருபவர் ஏமி கார்மைக்கேல் அம்மையார். அயர்லாந்தில் பிறந்த அவர் 1895-இல் இந்தியா வந்தார், பிறகு ஊர் திரும்பவே இல்லை. டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்குத் தாயானார். 1931-இல் விழுந்து அடிபட்டபின், 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கைதான். அந்த அறையிலிருந்தே புத்தகம் புத்தகமாக எழுதி மற்ற நோயாளிகளைத் தேற்றினார். நன்றியுள்ள மனம் இல்லாமல் இது முடியுமா?

ஊழியம் செய்கிறவருக்கு ‘நான் கொடுக்கிறேன்’ என்ற எண்ணம் சீக்கிரம் வந்துவிடும். எழுத உட்கார்ந்தால் பெற்றுக்கொண்டதே அதிகம் என்று தெரியும். வெளிநாடோ, வெளிமாநிலமோ, ஊழியத்துக்குப் புறப்படும் தம்பி தங்கைகளே, வேதாகமத்தோடு ஒரு சின்ன நோட்டும் எடுத்துப்போங்கள். தினமும் எழுதுங்கள்.