கைரேகைச் சட்டம்

மதுரையிலிருந்து கப்பலூரைக் கடந்து தெற்கே சென்றால் திருமங்கலம். அதற்கு மேற்கேயுள்ள சிற்றூர்களில், விரல்ரேகை பதிப்பது ஒருகாலத்தில் மானப் பிரச்சினையாக இருந்தது. இங்கிலாந்தின் 1869ஆம் ஆண்டுச் சட்டம், நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர்களையே குற்றப் பதிவேட்டில் சேர்த்தது. ஈராண்டு கழித்து ஆங்கிலேயர் இந்தியாவில் இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டமோ பிறப்பையே குற்றமாக்கியது. 1911இல் அது சென்னை மாகாணத்திற்கும் வந்தது. பதிவேட்டில் ஏறிய பிறமலைக் கள்ளர் அயலூர் செல்ல அனுமதிச்சீட்டு வேண்டும். இரவில் காவல்நிலையம் சென்று படுக்கவேண்டும். இருட்டில் வயலுக்கு நீர் பாய்ச்சவேண்டிய உழவர் என்ன செய்வார்? பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை பதிக்க மறுத்தனர். 1920 ஏப்ரல் 3 அன்று காவலர் சுட்டதில், மாயக்காள் என்னும் பெண் உட்பட 16 பேர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்க 1947ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது.