அப்பா ஓட்டிய ஜீப்

“ராத்திரி பத்து மணிக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் ஜீப் ஒட்டுகிறாயாமே! பேரன் பேத்தி எடுக்கிற வயசில் இது என்னடி விளையாட்டு?” என்று என்னைக் கேட்காத உறவுக்காரர் இல்லை. கேட்டுவிட்டுப் போகட்டும்! ஸ்வெட்டர் பின்னினால் கைவேலை, மணி கோத்தால் கலை, ஜீப் ஒட்டினால் மட்டும் விளையாட்டா? ஊசியில் நூல் கோக்கிற கண்ணும், புள்ளி தப்பாமல் கோலம் இழுக்கிற விரலும் இருந்தால் இதுவும் நமக்குக் கைவரக் கூடியதுதான். என் வீட்டில் இந்த வேலை இன்னொரு காரியத்தையும் செய்தது. 79 வயதாகும் என் அப்பா 50 வருஷத்துக்கும் மேலாக வாய் திறக்காத ஒரு விஷயத்தைப் பேச வைத்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்தச் சமாசாரம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். கடையில் ஒரு அட்டைப் பெட்டி விற்கிறார்கள். உள்ளே பிளாஸ்டிக் சட்டங்களில், கறிவேப்பிலைக் கொத்தில் இலை இருப்பதுபோல, சக்கரம், கதவு, இருக்கை என்று சின்னச் சின்ன உறுப்புகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாக நறுக்கி, பிசிறை உப்புத்தாளில் தேய்த்து, படத்தைப் பார்த்து ஒட்டி, வர்ணம் பூச வேண்டும். அசல் வண்டியின் 35-ல் ஒரு பங்கு அளவில் எல்லாம் கச்சிதமாக இருக்கும்.

அது என்ன 35 கணக்கு என்கிறீர்களா? ஜப்பானில் ஷிஸுவோகா நகரத்துக் கம்பெனியான டாமியா, 1961-ல் ‘பாந்தர்’ என்ற ஜெர்மன் டாங்கியைப் பொம்மையாகச் செய்தது. அது தானாக ஓட வேண்டும் என்பதற்காக உள்ளே மோட்டாரும் பாட்டரிகளும் வைத்தார்கள். அவை அடங்குகிற அளவுக்கு உடலைச் செய்தபின் கணக்குப் பார்த்தால் 35-ல் ஒரு பங்கு வந்தது. அதுவே பிறகு உலகம் பூராவும் வழக்கமாகிவிட்டது. நாம் பருப்பு அளக்கக் கைக்கு வந்த டம்ளரே வீட்டுக்கு அளவாகிவிடுகிறதல்லவா, அப்படித்தான்!

என் மகன் கல்லூரியில் படிக்கும்போது ஆசையாக வாங்கின பெட்டி ஒன்று அலமாரியில் கிடந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து வில்லீஸ் ஜீப். அவன் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான். அம்மா காலமான பிறகு அப்பா எங்களோடுதான் இருக்கிறார். வேலூர்ப் பக்கத்துக்காரர், மெட்ராஸ் ரெஜிமென்டில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். 1971 டிசம்பர் யுத்தத்தின்போது மேற்கு எல்லையில் இருந்தார். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரே ஒரு போட்டோ உண்டு. ஒரு ஜீப்பின் முன்பக்கம் பாதி தெரியும். அதன் பக்கத்தில் அப்பாவும் இன்னும் இரண்டு பேரும். “அந்தக் கோடியில் சிரிச்சுக்கிட்டு நிக்கிறது யாருங்க?” என்று அம்மா கேட்டிருக்கிறாள். “கூட இருந்த பையன்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். “சண்டையிலே என்னப்பா பார்த்தீங்க?” என்று நாங்கள் கேட்டால், “எல்லாரும் பார்த்ததுதான்” என்பார்.

நான் பெட்டியைப் பிரித்த அன்று அப்பா பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு மூடிப் படத்தையே பார்த்தார்.

“இது நம்ம வண்டி இல்லியே.”

“ஏம்ப்பா, ஜீப்தானே?”

“மூக்கு தாழ்ந்திருக்கு பாரும்மா. எங்க வண்டிக்கு மூக்கு ஒசரம். ஸ்டியரிங்கும் இந்தப் பக்கம் இல்ல, வலது பக்கம்.”

போட்டோவை எடுத்து வைத்துப் பார்த்தேன். அப்பா சொன்னது சரி. வில்லீஸ் கம்பெனி 1953-ல் புது எஞ்சின் வைத்த சி.ஜே.3பி என்ற ஜீப்பைக் கொண்டுவந்தது. அந்த எஞ்சினில் வால்வு அமைப்பு மேலே உயர்ந்ததால் பானெட்டையும் உயர்த்த வேண்டியதாயிற்று. 1949 முதலே நம் நாட்டில் ஜீப் பூட்டிவந்த மஹிந்திரா, உரிமம் பெற்றுப் பல வருஷம் தயாரித்தது இந்த உயர்ந்த மூக்கு ஜீப்பைத்தான். நம் ராணுவத்திலும் அது ஓடியது. பெட்டியில் இருப்பதை அப்படியே ஒட்டாமல் அப்பாவின் வண்டியாக மாற்றுவது என்று அன்றே முடிவு செய்தேன்.

மாற்றுவதற்குத் தனியாக அதிகம் வாங்க வேண்டியதில்லை, சகோதரிகளே. காலி ஐஸ்கிரீம் கப்பின் அடியில் முக்கோணத்துக்குள் 6 என்ற எண் இருந்தால் அது பாலிஸ்டைரீன். ஜீப்பும் அதே பிளாஸ்டிக்தான். இதற்கென்று விற்கும் தண்ணீர் போன்ற பசை, இரண்டு முகத்தையும் இளக்கி ஒன்றாக்கிவிடும். காய்ந்தபின் இரண்டும் ஒரே துண்டு. பானெட்டை நறுக்கி, கப்பிலிருந்து வெட்டின பட்டைகளை வைத்து 3 மி.மீ. உயர்த்தினேன். முன் சல்லடையில் பெட்டி ஜீப்புக்கு 9 பிளவுகள், அப்பாவின் ஜீப்புக்கு 7. பழையதை எடுத்துவிட்டு, புதுத் தகட்டில் ஏழு கீறல் கீற எனக்கு நான்கு சாயங்காலம் ஆயிற்று.

அடுத்தது ஸ்டியரிங். இடது பக்கத்து ஓட்டையை அடைத்து, வலது பக்கம் துளைத்து, மிதிகளையும் பெயர்த்து வைத்தேன். பிறகு பீரங்கி. ஆமாம், அப்பா ஓட்டியது வெறும் ஜீப் அல்ல, பீரங்கி ஏற்றிய ஜீப்!

இந்தப் பீரங்கியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டாங்கியைச் சுடுவதற்கான 106 மி.மீ. பின்னுதைப்பில்லாத பீரங்கி. சாதாரணப் பீரங்கி சுட்டால் பின்பக்கம் உதைக்கும்; அந்த உதையை ஜீப் தாங்காது. இதிலோ வெடிமருந்தின் புகையும் வாயுவும் பின்வழியாகச் சீறி வெளியேறும். முன்னே போகும் குண்டின் உந்தலுக்கு அது ஈடாகிவிடுவதால் உதை இல்லை. அதனால்தான் ஒரு ஜீப் அதைச் சுமக்க முடிகிறது. 1965 செப்டம்பரில் கேம் கரண் பகுதியில் 4 கிரனேடியர்ஸ் படையைச் சேர்ந்த ஹவில்தார் அப்துல் ஹமீது, இப்படி ஒரு ஜீப்பில் இருந்துதான் பாட்டன் டாங்கிகளை அழித்து உயிரையும் கொடுத்தார். அவருக்குப் பரம வீர சக்கரம் வழங்கப்பட்டது நமக்குத் தெரியும்.

அசல் பீரங்கியின் நீளம் 3.4 மீட்டர். 35-ஆல் வகுத்தால் 9.7 செ.மீ. ஜீப்போ 9.5 செ.மீ.தான்! வண்டியை விடச் சுமை நீளம். மை தீர்ந்த உலோக ரீபில் ஒன்றைக் கழுவி, நறுக்கி, குழலாக்கினேன். பின்பாகம் பருமனாக இருப்பதற்குக் காகிதப் பட்டையைச் சுற்றி ஒட்டினேன். குறி பார்ப்பதற்காக மேலே சவாரி செய்யும் சிறிய துப்பாக்கிக்கு ஒரு தையல் ஊசி போதுமாயிற்று.

குழலை வண்டியின் நடுவில் பொருத்தி, டிரைவர் இருக்கையைப் பார்த்தபோதுதான் எனக்குச் சுரீர் என்றது. வலது பக்க இருக்கை. பீரங்கி, டிரைவரின் இடது காதுக்குப் பக்கத்தில்!

அப்பாவுக்கு இடது காது மந்தம். அம்மா எப்போதும் அவருக்கு வலது பக்கமாகத்தான் உட்காருவாள். “சொன்னால் கேட்க மாட்டார், பிடிவாதக்காரர்” என்று ஊரில் பெயர்.

“சுடும்போது இறங்கி நிக்க மாட்டீங்களாப்பா?”

“இறங்கி நின்னா வண்டியை யாரு எடுக்கிறது? சுட்டதும் பின்னாடி புழுதி கிளம்பும். எதிரிக்கு அதுவே அடையாளம். அடுத்த நிமிஷம் அந்த இடத்துல இருக்கக்கூடாது. எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்தே இருப்பேன்.”

பெரும் சத்தம் உட்காதில் இருக்கும் நுண்ணிய மயிரணுக்களைச் சிதைத்துவிடும். போனவை திரும்ப முளைப்பதில்லை. மறுவாரமே காது டாக்டரிடம் அழைத்துப் போய்ப் பரிசோதனை செய்தோம். இப்போது கருவி வைத்திருக்கிறார். வீட்டில் எல்லோரும் முகத்துக்கு நேராக நின்று பேசுகிறோம். “இப்பத்தான் நீங்க எல்லாரும் ஒழுங்கா பேசக் கத்துக்கிட்டீங்க” என்று எங்களையே கேலி செய்கிறார்!

அதன்பிறகு நான் பெரிய கேள்வி எதுவும் கேட்கவில்லை. சின்னச் சின்னதாகக் கேட்டேன். மண்வெட்டி எங்கே கட்டியிருக்கும்? முன் கண்ணாடி உண்டா? “கண்ணாடி வெயில்ல மின்னும்மா, காட்டிக் கொடுத்துடும். மடக்கிப் போட்டு சாக்கால மூடிடுவோம்” என்றார். பச்சை பூசியபோது, “இவ்வளவு பளபளப்பு ஆகாது” என்று சொல்லி வர்ணச் சாக்கட்டியை அவரே இழைத்துத் தூளாக்கிச் சக்கரத்தில் தடவினார். எண் பலகையில் முதலில் மேல்நோக்கின அம்பு வர வேண்டும் என்றார். ராணுவ வண்டிகளுக்கு அதுதான் அடையாளம்.

கடைசியில், “குண்டு போடுறவர் எங்கே உட்காருவார்ப்பா?” என்று கேட்டேன். ஒரு குண்டு சுமார் 1 மீட்டர் நீளம், ஏறத்தாழ 17 கிலோ. பெட்டிகள் வைத்தால் பின்னால் இடமே இல்லை.

“பெட்டி மேலதான். சாக்கைப் போட்டுக்கிட்டு உக்காருவான்.”

டீ பை காகிதத்தை நறுக்கி, பசை நீரில் நனைத்துச் சாக்காக விரித்தேன். அப்பா குனிந்து பார்த்தார்.

“விரிக்காதே. மடிச்சுப் போடும்மா, நாலா மடிச்சு. அவன் அப்படித்தான் போடுவான்.”

“யாருப்பா?”

“போட்டோவுல சிரிக்கிறானே, அவன்தான்.”

அப்புறம் நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். பனி மூடின ஒரு விடிகாலை. சுட்டுவிட்டு, கரும்புத் தோட்டத்து ஓரமாக வண்டியை விரட்டினாராம். பின்னால் எங்கேயோ குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. “மரத்தடியில நிறுத்திட்டுத் திரும்பிப் பார்த்தேன். சாக்கு இருந்தது. அவன் இல்ல. வழியில கூப்பிட்டானோ என்னமோ... எனக்குத்தான் காது அடைச்சிருந்ததே. போய்த் தூக்கிட்டு வந்தோம். உயிர் இல்ல.”

இத்தனை வருஷமாக அந்த மனிதர் மனசில் சுமந்தது இதைத்தான். கூப்பிட்டானோ, கூப்பிடவில்லையோ! நான் சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்ல முடியும்? வலது பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மறுநாள் காலையில் காப்பி குடிக்கும் முன்பே, “அந்தச் சாக்கு காஞ்சுதா பாரு” என்றார்.

ஜீப் முடிந்ததும் அப்பாவே கேட்டார். “அவன் ஊருக்கு ஒரு நடை போயிட்டு வரலாமா?” சங்கரன்கோவிலுக்குப் பக்கத்துக் கிராமம். பெயரும் தகப்பனார் பெயரும் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. பொங்கல் கழித்துப் போனோம். அந்தப் பையனின் தம்பி இருந்தார். அவருக்கே 70 வயது தாண்டிவிட்டது. ஜீப்பை இரண்டு கையாலும் வாங்கி, மடித்த சாக்கை ஒரு விரலால் தொட்டார்.

“அண்ணன் இங்கேதான் உட்கார்ந்திருந்தாரா?”

“ஆமாம் தம்பி. அங்கேதான்.”

காது அடைத்திருந்த கதையையும் அப்பா அவரிடம் சொன்னார். அந்தத் தம்பி ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “நீங்க போய்த் தூக்கிட்டு வந்தீங்களே, அது போதும்ண்ணே” என்றார். ஜீப்பை அங்கேயே கொடுத்துவிட்டு வந்தோம். மாலை போட்ட படத்துக்குக் கீழே இருக்கிறது.

உங்களில் யாராவது இந்த வேலையில் இறங்கினால் சில விஷயங்களை மறக்க வேண்டாம். பசை தீப்பற்றக்கூடியது; அடுப்படியில் வைத்து ஒட்டக்கூடாது. அதன் வாடை தலைவலி தரும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். உப்புத்தாளில் தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூள் பறக்காது. பிளேடை உடம்புக்கு எதிர்ப்பக்கமாக ஓட்டுங்கள். சின்ன உறுப்பு நறுக்கப் பழைய நகவெட்டி போதும். இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் தூரத்தில் எதையாவது பார்த்துக் கண்ணுக்கும் கழுத்துக்கும் ஓய்வு கொடுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் உறுப்புகளை மூடி போட்ட டப்பாவில் வையுங்கள்.

வீட்டுப் பெரியவர்கள் பேசுவதில்லை என்று குறைப்படுகிறோம். “உங்க காலத்துக் கதையைச் சொல்லுங்க” என்றால் எங்கே தொடங்குவது என்று அவர்களுக்கே தெரியாது. ஜீப்தான் வேண்டும் என்பதில்லை. மாமியாரிடம் அவர் சமைத்த முதல் அடுப்பு எந்த மூலையில் இருந்தது என்று கேளுங்கள். தாத்தாவிடம் ஏற்றத்தில் கயிறு எப்படிக் கட்டுவார்கள் என்று கேளுங்கள். சொன்னபடி கையில் ஏதாவது செய்துகொண்டே கேளுங்கள். தப்பாகச் செய்தால் திருத்துவார்கள், திருத்தும்போது பேசுவார்கள். அவர்களுக்கு எந்தக் காது நன்றாகக் கேட்கிறது என்று மட்டும் முதலில் தெரிந்துகொண்டு, அந்தப் பக்கமாக உட்காருங்கள்!